குடி: வரவு யாருக்கு, செலவு யாருக்கு? மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீக்கடையிலோ, சுய உதவிக் குழுக் கூட்டத்திலோ, கல்யாண வீட்டுப் பந்தியிலோ குடியைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி வரும். "குடியால சமூகத்துக்கு நல்லதே இல்லையா?" என்று ஆரம்பித்து, "எங்க வீட்டுக்காரருக்குச் சோத்துல கலந்து குடுக்குற மருந்து எங்க கிடைக்கும்?" என்பதில் வந்து நிற்கும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், மாநகருக்குள் செல்லூர், வில்லாபுரம் என்று எங்கே போனாலும் இதேதான். அவற்றில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில். நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நான் எந்தப் பக்கம் என்பது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும்.

குடியால் சமூகத்துக்கு நன்மையா, தீமையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

தீமைதான் அதிகம். ஆனால் நன்மையே கிடையாது என்று சொன்னால் அது பொய். அரசுக்கு வரி கிடைக்கிறது. டாஸ்மாக்கில் 23,000 பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். பார் ஏலம் எடுத்தவர், அங்கே ஆம்லெட் போடுபவர், காலி பாட்டில் பொறுக்கி எடைக்குப் போடுபவர் எல்லோருக்கும் பிழைப்பு ஓடுகிறது. குடிக்கிறவருக்கும் ஒரு மணி நேரம் உலகம் இலேசாகத் தெரிகிறது. இதையெல்லாம் மறுக்க வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். வரவு போய்ச் சேர்கிற இடம் ஒன்று, செலவு விழுகிற வீடு வேறொன்று. வரவு ஒரே கல்லாவில் விழுவதால் வருஷக் கடைசியில் கோடிக்கணக்கில் எண்ணிச் சொல்லிவிட முடிகிறது. செலவோ அடகுக்கடையில் மூழ்கிப்போன தோடாக, பத்தாவதோடு நின்ற பிள்ளையின் படிப்பாக, ஆஸ்பத்திரி வராந்தாவில் போட்ட பாயாக வீடு வீடாகச் சிதறிக் கிடக்கிறது. அதைக் கூட்டிப் பார்க்க எந்தக் கல்லாவும் இல்லை. அதனால்தான் சட்டசபையில் வரவு மட்டும் கணக்காகத் தெரிகிறது, செலவு புலம்பலாகத் தெரிகிறது.

அந்த வரிப் பணத்தில்தானே திட்டங்கள் எல்லாம் நடக்கின்றன? கடையை மூடினால் அரசு எப்படி ஓடும்?

நியாயமான கேள்வி. 2023-24-ஆம் ஆண்டில் ஆயத்தீர்வை, மதிப்புக் கூட்டு வரி இரண்டும் சேர்த்து டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். மாநிலம் தானே வசூலிக்கும் வரியில் இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இதை ஒரே நாளில் விட்டுவிடச் சொல்வது சுலபம், பட்ஜெட் போடுவது சுலபமில்லை.

ஆனால் அந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு கொத்தனார் வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ரகக் குவார்ட்டர் 140 ரூபாய் வாக்கில் இருக்கிறது. அதற்கு மேல் கவுண்டரில் கேட்கிற பத்து ரூபாய், தண்ணீர், பிளாஸ்டிக் டம்ளர், ஒரு சுண்டலோ ஆம்லெட்டோ. தட்டிக்கொட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 200 ரூபாய். மாதத்தில் 25 நாள் வேலை இருந்தால் 5,000. அதே வீட்டில் அண்ணியின் வங்கிக் கணக்கில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறுகிறது. அது ஏழு குவார்ட்டர் காசு. ஒரு வாரத்தில் அண்ணன் கொடுத்ததை மாதத்தில் ஒருநாள் அண்ணிக்குத் திருப்பித் தருகிறார்கள், அவ்வளவுதான். உரிமைத் தொகையைக் குறை சொல்லவில்லை, அது வேண்டும். அதற்குக் குடிதான் ஆதாரம் என்ற பேச்சைத்தான் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. குடியால் வரும் நோய், விபத்து, அகால மரணம், உழைக்க முடியாமல் போகும் நாட்கள் இவற்றைக் காசாக்கிப் பார்க்க ஆய்வாளர்கள் முயன்றிருக்கிறார்கள். 2019-ல் வெளியான ஒரு இந்திய ஆய்வு, மது வரியால் வரும் வருமானத்தைக் கழித்த பிறகும் நாட்டுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் நஷ்டம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 1.45 சதவீதம் என்று கணக்கிட்டது. இப்படிப்பட்ட கணக்குகளில் அனுமானங்கள் நிறைய உண்டு. ஆனாலும் வரவைவிடச் செலவு பெரியது என்பதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

மாற்று வருமானத்துக்கு நம் ஊரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1937-ல் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியபோது விழுந்த பள்ளத்தை நிரப்பத்தான் 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. வேடிக்கை என்னவென்றால், மதுவிலக்கு போய்ப் பல வருஷம் கழித்தும் விற்பனை வரி போகவில்லை.

"ஒரு குவார்ட்டர்தானே" என்கிறார்கள். அது உண்மையில் எவ்வளவு?

நாம் நினைப்பதைவிட அதிகம். குவார்ட்டர் என்றால் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் சுத்த ஆல்கஹால் மட்டும் 77 மில்லி, எடையில் 60 கிராம். உலக அளவில் மருத்துவர்கள் "ஒரு அளவு" என்று சொல்வது பொதுவாக 10 கிராம். ஆக, ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு. இரண்டு பேர் பங்கு போட்டு அடிக்கும் கட்டிங்கே ஆளுக்கு மூன்று அளவு. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்று, 8 சதவீதம் என்று வைத்தால், நான்கு அளவு. "நான் பீர் மட்டும்தான்" என்பவர் இரண்டு பாட்டில் அடித்தால் குவார்ட்டர்காரரைத் தாண்டிவிடுகிறார்.

இதில் வண்டிக் கணக்கும் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் வெறும் வயிற்றில் மளமளவென்று ஒரு குவார்ட்டரை இறக்கினால், 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 140, 150 மில்லிகிராம் வரை ஏறக்கூடும். வாகனம் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் விட்டிருக்கும் எல்லை 30. கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் அதைக் குறைக்கும். மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்து தலையில் தேய்த்தாலும் அந்த வேகம் மாறாது. இரவு பத்து மணிக்கு அடித்தவருக்கு எல்லைக்குள் வரவே விடிகாலை ஐந்தரை, ஆறு ஆகிவிடும். விடியுமுன் மாட்டுத்தாவணிக்குக் காய்கறி லோடு ஏற்றி வருகிறவர், "ராத்திரி குடிச்சது, தூங்கி எந்திரிச்சுட்டேன்" என்று சொல்வது சட்டத்தின் கண்ணில் செல்லாது. முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு.

அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்களே?

முன்பு சொன்னார்கள். அந்தப் பழைய ஆய்வுகள் "குடிக்காதவர்கள்" என்ற பட்டியலில், உடம்பு கெட்டுப்போய் குடியை நிறுத்தியவர்களையும் சேர்த்துவிட்டன. அவர்களோடு ஒப்பிட்டால் கொஞ்சமாகக் குடிப்பவர் ஆரோக்கியமாகத் தெரியத்தானே செய்வார்? அந்த ஓட்டையை அடைத்துப் பார்த்தபோது நன்மை பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே அறிவித்தது. ஆல்கஹாலைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது 1988-லேயே. புகையிலையும் அதே பிரிவுதான். வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று பட்டியல் போகிறது. 2019-ல் மட்டும் உலகில் 26 லட்சம் மரணங்களுக்கு மது காரணம் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் 20 லட்சம் பேர் ஆண்கள்.

மூட்டை தூக்குகிறேன். உடம்பு வலி தாங்கவில்லை. குடித்தால்தான் தூக்கம் வருகிறது. இதற்கு என்ன பதில்?

வலி உண்மை. கீழமாசி வீதியில் நாள் முழுக்க மூட்டை இறக்குகிறவரிடம் "ஏன் குடிக்கிறாய்" என்று கேட்கிற யோக்கியதை ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இல்லை. ஆனால் மருந்து என்று பார்த்தால் இது மோசமான மருந்து. சீக்கிரம் கண்ணை மூட வைக்கும். இரண்டு மூன்று மணிக்கு எழுப்பிவிட்டுவிடும். ஆழ்ந்த தூக்கம் கெடும், உடம்பில் நீர் குறையும், மறுநாள் அதே மூட்டை கூடக் கனக்கும். சாயங்காலம் அதற்கும் சேர்த்து ஊற்ற வேண்டியிருக்கும். ஒரு வருஷத்தில் கட்டிங் குவார்ட்டராகிவிடுவது இப்படித்தான். வலிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கே மாத்திரைக்குக் காசு இல்லை.

வெயிலுக்கு பீர் குளிர்ச்சிதானே?

பாட்டில்தான் குளிர்ச்சி. ஆல்கஹால் சிறுநீரை அதிகமாகப் பிரிய வைக்கும். சித்திரை வெயிலில் உள்ளே போனதைவிட வெளியே போவதுதான் வினை. பதநீர் குடியுங்கள், ஜிகர்தண்டா குடியுங்கள்.

கருப்பசாமிக்கே சாராயம் படைக்கிறோம். சங்க காலத்தில் மன்னனும் புலவனும் சேர்ந்து குடித்தார்கள். நம் பண்பாட்டில் இல்லாததா?

இருக்கிறது, யார் இல்லை என்றது? கருப்பு கோயில் படையலில் சுருட்டோடு சாராயமும் இருக்கும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய மதுரைக் கடைத்தெருவை வருணிக்கும் மதுரைக்காஞ்சியில், பறக்கும் பலவகைக் கொடிகளுக்கு நடுவே கள்ளுக்கடைக் கொடியும் பறக்கிறது. அதே தமிழில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். இரண்டு பக்கமும் பழசுதான். ஆகவே பழமையை வைத்து வழக்கு ஜெயிக்க முடியாது.

கவனிக்க வேண்டியது வேறு. சாமிக்குப் படைப்பதற்கு ஒரு நாள் இருந்தது, ஒரு முறை இருந்தது, ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கொடை முடிந்தால் அதுவும் முடிந்தது. இன்றைய கடைக்குத் திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மீலாது நபி, காந்தி ஜெயந்தி ஆகிய எட்டு நாள்தான் விடுமுறை. மற்ற 357 நாளும் மதியம் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். கருப்பன் இவ்வளவு கேட்கவில்லை.

அப்போ கள்ளை மட்டுமாவது அனுமதிக்கலாமே?

இதில் நான் கொஞ்சம் இளகியவன். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. பக்கத்தில் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. கள்ளில் ஆல்கஹால் பொதுவாக 4 முதல் 6 சதவீதம், டாஸ்மாக் சரக்கில் 42.8. பனையேறிக்கும் தென்னை விவசாயிக்கும் நேராகக் காசு போகும். கள் இயக்கத்தார் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் "கள் போதைப்பொருளே அல்ல, உணவு" என்பதை அப்படியே விழுங்க முடியாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள். புளித்தால் உள்ளே இருப்பது அதே ஆல்கஹால்தான். இரண்டு லிட்டர் கள் குடித்தால் ஒரு குவார்ட்டர் கணக்கு வந்துவிடும். தடை வந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் கலப்படமும் ஒன்று. அதைக் கண்காணிக்க ஆள் வைக்காமல் திறந்துவிட்டால் பழைய கதைதான்.

பேசாமல் முழு மதுவிலக்கு கொண்டுவந்துவிட்டால்?

கொண்டுவந்தோம். ஒருமுறை அல்ல. 1937 அக்டோபரில் சேலத்தில் தொடங்கி 1948-க்குள் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் விலக்கினார்கள், 1974-ல் மறுபடி வந்தது. 1981-ல் திரும்ப எடுத்தார்கள், 1983-ல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது. ஏலத்தில் எடுத்த தனியார் போய், அரசே கல்லாவில் உட்கார்ந்தது அப்போதுதான். அரசியல் சாசனத்தின் 47-ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கிப் போகச் சொல்கிறது. நாம் போன திசை இது.

ஆந்திராவில் 1992-ல் நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டா கிராமப் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு, மாநிலத்தையே உலுக்கி 1995-ல் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1997-ல் அது தளர்த்தப்பட்டது. பீகாரில் 2016 முதல் மதுவிலக்கு. அங்கே 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச் சாராயம் குடித்து 70 பேருக்கு மேல் செத்தார்கள். இதைக் காட்டித்தான் "தடை போட்டால் கள்ளச்சாராயம் வரும்" என்பார்கள்.

சரி, தடை இல்லாத நம் ஊரில் என்ன நடந்தது? 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இருபதுக்கு மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல். கடைகள் திறந்துதான் இருந்தன. குவார்ட்டர் வாங்கக் காசில்லாதவர்கள் பாக்கெட் சாராயத்துக்குப் போனார்கள், அதில் மெத்தனால். அது உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும், முதலில் பார்வை நரம்பைத்தான் தாக்கும். "கண்ணு மங்குது" என்று யாராவது சொன்னால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு, கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் காய்ச்சியவர், விற்றவருக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

ஆக, கடை திறந்திருப்பதும் கள்ளச்சாராயத்தை ஒழிக்கவில்லை, பூட்டுவதும் ஒழிக்கவில்லை. அதை ஒழிப்பது போலீஸ் வேலை. இதை ஒரு சாக்காக வைத்துக் கடைகளை நியாயப்படுத்தக் கூடாது. என் கருத்து: ஒரே ராத்திரியில் பூட்டு வேண்டாம். 2016-ல், 2017-ல், 2023-ல் செய்தது போல ஐந்நூறு ஐந்நூறாகக் கடையைக் குறைக்கட்டும், ஆனால் விட்டுவிட்டுச் செய்யாமல் வருஷாவருஷம் செய்யட்டும். முதலில் பாரை மூடட்டும். பத்து ரூபாய் கூடுதல் வசூலையே நிறுத்த முடியாத நிர்வாகம் மதுவிலக்கை எப்படி நடத்தும் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

எங்கள் ஊருக்குள் கடை வேண்டாம். யாரிடம் போவது?

விதி இது: மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் வழிபாட்டுத் தலம், பள்ளி, கல்லூரியிலிருந்து 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை வைக்கக் கூடாது. முதலில் டேப் பிடித்து அளந்து பாருங்கள். தூரம் குறைவாக இருந்தால் உங்கள் கை ஓங்கும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் படம், அளவோடு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கிராமமாக இருந்தால் கிராம சபைத் தீர்மானம் பலம் சேர்க்கும். வருஷத்தில் ஆறு கிராம சபைகளில் நான்கு, அதாவது ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கடைக்கும் விடுமுறை நாள்தான். கடையை எடுக்கத் தீர்மானம் போடும் அன்று கடை பூட்டிக் கிடக்கும். கூட்டத்துக்கு ஆண்களும் தெளிவாக வருவார்கள் என்பது ஒரு வசதி.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2017 ஏப்ரலில் கடைகள் ஊருக்குள்ளும் வயல்காட்டுக்குள்ளும் இடம் தேடி வந்தன. தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். பல இடங்களில் கடை பின்வாங்கியது. அதற்கு முன்பே மதுரையைச் சேர்ந்த நந்தினி, சட்டக் கல்லூரி மாணவியாக இருந்தபோதே தந்தை ஆனந்தனுடன் மதுவிலக்குக் கேட்டு உட்கார்ந்து, திரும்பத் திரும்பக் கைதானவர். இரண்டே பேர்தானே என்று அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு.

கடை வந்தால் ஊருக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்கள், கண்மாய்க் கரையில் இருக்கும் கடைக்குப் பக்கத்து வயலில் நாற்று நடும்போது போய்ப் பார்க்கலாம். வரப்பு நெடுகப் பிளாஸ்டிக் டம்ளர். சேற்றுக்குள் பாட்டில் ஓடு. நடவுக்கு வரும் பெண்கள் அந்த வயல் என்றால் கூலி கூடக் கேட்பார்கள், அல்லது வரவே மாட்டார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டம் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது நல்ல விஷயம்.

"குடிச்சாத்தான் அடிக்கிறாரு, மத்தபடி தங்கமான மனுஷன்." இதற்கு என்ன செய்வது?

மதுரைப் பக்கம் பெண்கள் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கணவன் அடிக்கடி குடித்துவிட்டு வரும் வீட்டுப் பெண்களில் 70 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். குடிக்காத கணவன் உள்ள வீட்டில் 23 சதவீதம். குடி கையை ஓங்க வைக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. கூடவே குடிக்காத வீட்டிலும் கை ஓங்கப்படுகிறது என்பதும் தெரிகிறது.

போதையில் நிதானம் போய்விட்டது என்பது பாதி உண்மை. அதே போதையில் அவர் மேஸ்திரியை அடிப்பதில்லை, போலீஸ்காரரை அடிப்பதில்லை. யாரை அடித்தால் கேட்க ஆளில்லை என்பது எந்தப் போதையிலும் மறப்பதில்லை. ஆகவே குடிக்கு வைத்தியம் ஒரு பக்கம், அடிக்கு நடவடிக்கை இன்னொரு பக்கம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி, "குடியை விட்டதும் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம். 181 பெண்கள் உதவி எண். 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் கொடுக்கும் மனு போலீஸ் புகார் அல்ல. வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போய்விடுவாரோ என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே நாளில் குடியை நிறுத்திவிடலாமா?

எப்போதாவது குடிப்பவர் நிறுத்தலாம். தினமும் அதிகமாகக் குடிப்பவர் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. உயிருக்கே ஆபத்து.

பதினொன்றே முக்காலுக்கு ஏதாவது கடை வாசலில் நின்று பாருங்கள். ஷட்டர் இன்னும் ஏறியிருக்காது. கையில் சுருட்டிய நோட்டுடன் ஏழெட்டுப் பேர். அதில் ஒன்றிரண்டு பேருக்கு விரல் நடுங்கிக்கொண்டிருக்கும், அந்த நேரத்துக்கே சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கும். கடை திறந்து, கம்பி வழியாகப் பாட்டில் கைக்கு வந்து, அங்கேயே ஓரமாக ஒரு மடக்கு உள்ளே போனதும் நடுக்கம் நின்றுவிடும். அது ஆசை இல்லை. மூளை ஆல்கஹாலுக்குப் பழகிப்போய், அது இல்லாவிட்டால் எகிறுகிறது. அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துப் பிதற்றல், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல், படபடப்பு என்று முற்றலாம். ஊரில் இதைப் பேய் பிடித்ததாக நினைத்துக் கோடாங்கியிடம் கூட்டிப்போய் நேரத்தை விடுகிறார்கள். இது முழுக்க ஆஸ்பத்திரி கேஸ். தகுந்த மாத்திரையும், வைட்டமின் பி1 ஊசியும், சில நாள் கவனிப்பும் இருந்தால் தாண்டிவிடலாம்.

மதுரையில் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் இதற்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜியின் பெயர்தான் அந்த ஆஸ்பத்திரிக்கு. தொலைபேசியில் ஆலோசனை வேண்டுமென்றால் 14446, மன உளைச்சலுக்கு 14416.

அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் மருந்து நல்லதா?

வேண்டவே வேண்டாம், அக்கா. விளம்பரத்தில் வரும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டாக்டர்கள் தரும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரையை வாங்கிக் கலந்துவிடுகிறவர்களும் உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழலாம். இதயக் கோளாறு இருந்தால் சாவுகூட வரலாம். அந்த மாத்திரை, "நான் இதைச் சாப்பிட்டிருக்கிறேன், குடிக்கக் கூடாது" என்று தெரிந்து விழுங்குகிறவருக்கு மட்டும்தான். தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போலக் கடைக்குத்தானே போவார்?

சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு சொட்டு தொடுவதில்லை. கழற்றிய அன்றே ஆரம்பித்துவிடுகிறார். ஏன்?

மாலை போட்ட நாட்களில் எல்லாமே மாறுகிறது. காலையில் குளியல், சாயங்காலம் பூஜை, கூட்டாளிகளும் சாமிகள், ஊரே "சாமி" என்று கூப்பிடுகிறது, விசேஷ வீட்டில் யாரும் டம்ளரை நீட்டுவதில்லை. மாலையைக் கழற்றியதும் இந்த ஐந்தும் ஒன்றாகப் போய்விடுகின்றன. சாயங்காலம் ஆறு மணி மட்டும் அப்படியே வருகிறது. கோயிலில் சத்தியம் பண்ணிக் கயிறு கட்டிக்கொள்கிறவர்களுக்கும் இதேதான். சத்தியம் பலமானதுதான், ஆனால் அதற்குத் துணை வேண்டும். மாலை கழற்றும் முன்பே, உடம்பில் சரக்கு இல்லாத அந்த நேரத்தில், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஏ.ஏ. என்ற குடிநோயாளிகள் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் வாரம் தவறாமல் போவதும் அந்தக் கூட்டாளிகளுக்காகத்தான். (முதல் முறை மாலை போடும்போதே தினக்குடிகாரராக இருந்தால், மேலே சொன்ன நடுக்க எச்சரிக்கையை மறக்க வேண்டாம்.)

விசேஷ வீட்டில் சரக்கு வாங்கிக் கொடுக்காவிட்டால் மாமன் மச்சானுக்குக் கோபம் வருகிறதே?

வரட்டும். காதுகுத்து, கிடா வெட்டு, ஏன், துக்க வீட்டில்கூடச் சரக்குக்குத் தனிப் பணம் எடுத்து வைக்கிற வழக்கம் வந்துவிட்டது. வட்டிக்கு வாங்கி மொய்யில் அடைக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். கறிச்சோறு குறைந்தால்தான் ஊர் பேசும். சரக்கு இல்லாததைப் பேசுகிறவர்கள் நாலு பேர், அந்த நாலு பேரும் மறுநாள் பேசியதை மறந்திருப்பார்கள்.

பையன் பிளஸ் டூ படிக்கிறான், நண்பர்களோடு பீர் குடித்திருக்கிறான். அடிக்கலாமா?

அடித்தால் அடுத்த முறை தெரியாமல் குடிப்பான். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று சட்டம், அதனால் யார் வாங்கிக் கொடுத்தது என்று முதலில் கேளுங்கள். மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கும். சிறு வயதில் தொடங்குகிறவர்கள் அடிமையாகும் வாய்ப்பும் கூடுதல். அப்பாவே தினம் குடித்துவிட்டு இந்தப் புத்திமதியைச் சொன்னால் எடுபடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

மறுவாழ்வு மையத்தில் கட்டிப்போட்டு அடிக்கிறார்கள் என்கிறார்கள். எதை நம்பிச் சேர்ப்பது?

எல்லா இடமும் அப்படி இல்லை, ஆனால் பயம் வீண் பயமும் இல்லை. 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார், வீட்டு ஆட்கள் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். "மூன்று மாசம் யாரும் பார்க்கக் கூடாது, மொத்தப் பணத்தையும் இப்பவே கட்டுங்க" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வீட்டுக்கே வேன் அனுப்பித் தூக்கிப்போகிறோம் என்பவர்களிடமும் அதேதான். அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. முதலில் அங்கே காட்டிவிட்டு, அவர்கள் தனியாரிடம் போகச் சொன்னால் போங்கள்.